பியானோ படத்தின் கடைசிக் கால் மணி நேரம்

படத்தில் அப்பாக்காரர் மாடிப்படியில் முதல் காலை எடுத்து வைக்கப்போன நேரம் பார்த்து, அரியரத்தினத்தின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

அவர் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். ஏசியின் விளிம்பில் அடுத்த சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“படத்தை நிப்பாட்டு பிள்ளை,” என்றார் மகளிடம்.

“இன்னும் கால் மணித்தியாலம்தானப்பா. கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ.”

“தலையில தண்ணி ஊத்த ஊத்த என்னெண்டு படம் பாக்கிறது? நிப்பாட்டு.”

கோசலா நிறுத்தினாள். திரையில் அந்த அமெரிக்க அப்பா ஒரு காலைத் தூக்கி, பாடத் திறந்த வாயோடு அப்படியே நின்றுபோனார். சோபாவின் ஓரத்தில், மடியில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்த மதுசூதனனும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தான்.

அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் அவனுடைய கல்யாணம் இருந்தது.

மதுசூதனனுக்கு ஊர் இலங்கை மலையகத்து ஹட்டன். துபாயில் லிஃப்ட் டெக்னீசியன். கோசலாவின் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்ற ஒரு நாள், உள்ளே தனியாக மாட்டிக்கொண்டிருந்த அவளுக்கு இன்டர்காம் வழியாகத் தைரியம் சொன்னவன் அவன்தான். லிஃப்டின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினான். நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, கரன்ட் இருந்தால்தான் அந்த பிரேக் விடும். கரன்ட் போனால் தானாகவே இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நின்றுபோன லிஃப்ட்தான் உலகத்திலேயே பத்திரமான இடம். கதவு திறந்தபோது கோசலாவுக்குப் பயம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக, இந்த மனிதன் எப்போது பேச்சை நிறுத்துவான் என்ற கவலை வந்திருந்தது. அது நாளடைவில் காதலாக மாறியது.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது அரியரத்தினம் கோபப்படவில்லை. சம்மதிக்கவும் இல்லை. ஒரே ஒரு சொல் சொன்னார்.

“பாப்பம்.”

யாழ்ப்பாணத்து அப்பாக்களின் ‘பாப்பம்’ பூட்டிய பெட்டி மாதிரி. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு, ரொறொன்ரோவிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பொடியனின் சாதகக் குறிப்பும் வந்திருந்தது. மாதம் முடிவதற்குள் அவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

அப்போது கோசலா கண்டுபிடித்த வழிதான் இந்தப் படம். அரியரத்தினம் ஒரு கம்பனியில் கணக்காளர். முகத்துக்கு நேரே யாரும் புத்தி சொல்ல முடியாத ஆள். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் லைட்டை அணைத்துவிட்டுப் பழைய ஹாலிவுட் படம் பார்ப்பார். ஆட்டமும் பாட்டும் சிரிப்பும் உள்ள குடும்பப் படமென்றால் அவருக்கு உயிர். அப்படி ஒரு படத்தின் டிஸ்க்கை அவள் தேடி வாங்கிவந்தாள். பெயர் நீளமானது, வீட்டில் எல்லோருக்கும் அது ‘பியானோ படம்’.

கதை இதுதான். பியானோ கடை வைத்திருக்கும் ஒரு அப்பா. அவருடைய மூத்த மகளை, பியானோவுக்குச் சுருதி சேர்க்க வரும் ஒரு தொழிலாளி காதலிக்கிறான். அப்பா அவனைத் துரத்துகிறார். ஜன்னல் வழியாக அவன் கருவிகளை வீசுகிறார். அவனைப் பியானோப் பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து வேறு ஊருக்கு அனுப்புகிறார். கடைசிக் கால் மணி நேரத்தில், மாடிப்படியில் பாடி ஆடிக்கொண்டே இறங்கிவந்து, மகளின் கையைப் பிடித்து அவன் கையில் கொடுத்துவிடுகிறார்.

இவ்வகைப் படங்கள் எல்லாமே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கும். அதற்குக் காரணமும் இருக்கிறது. அப்பா முதல் பாட்டிலேயே சம்மதித்துவிட்டால் மீதிப் பாட்டுகளுக்கு வேலையில்லை. ஆகவே ஒன்றரை மணி நேரம் அவர் கல்லாக இருந்தாக வேண்டும். ஆபத்தும் இதில்தான் இருந்தது. கடைசிக் கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்தப் படம் காதலுக்கு எதிரான படம். பியானோப் பெட்டிக்கு ஆணியடிக்கும் கட்டத்தில் அரியரத்தினம் தொடையில் தட்டிச் சிரித்ததை மதுசூதனன் பார்த்திருந்தான்.

“சரியான ஆள். அப்பன் எண்டா இப்பிடி இருக்கோணும்,” என்றும் அவர் சொல்லியிருந்தார்.

ஆகவே மதுசூதனன் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்து எழுந்தான்.

“அஞ்சு நிமிஷம் அங்கிள். நான் பார்த்துர்றேன். ஏசிக்காரனைக் கூப்பிடத் தேவையில்லைங்க.”

“நான் ஒருத்தரையும் கூப்பிடுறேல்லை தம்பி. வாறவன் ஒண்டைத் திருத்தி ரெண்டைக் குழப்பிப்போட்டுப் போவான். பத்மாவதி, அந்த ஏணியை எடும்.”

ஏசி தண்ணீர் சொட்டுவதற்கு ஏசி பழுதென்று பொருள் இல்லை. குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் வியர்க்கிறது. வியர்த்த நீர் ஒரு தட்டில் சேர்கிறது. தட்டிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வெளியே போகிறது. வளைகுடாவின் தூசி அந்தக் குழாயில் சேறாகப் படிந்து அடைத்துக்கொண்டால், தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடும். அடைப்பை எடுத்தால் போதும். மதுசூதனன் ஏணியில் ஏறி, குழாயில் வாயை வைத்து முழு மூச்சையும் கொடுத்து ஊதினான்.

அடைப்பு போய்விட்டது. குழாயின் மறுமுனை பால்கனியில் இருந்தது. பால்கனியில் அரியரத்தினத்தின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

“என்ரை கடவுளே,” என்று பால்கனியிலிருந்து அவர் மனைவி பத்மாவதியின் குரல் வந்தது. “நாளைக்குக் கோயிலுக்கு உடுக்க வச்ச வேட்டி.”

வேட்டியை ஊறவைத்து, பால்கனியைக் கழுவி முடிக்கும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மதுசூதனன் கைகழுவிக்கொண்டே நினைவூட்டினான்.

“அங்கிள், மிச்சப் படம்...”

“அடுத்த சனி பாப்பம். முதலிலயிருந்து போடோணும், என்ன. படத்தை நடுவிலயிருந்து பாக்கிற பழக்கம் எனக்கில்லை.”

அதாவது மறுபடியும் ஒன்றரை மணி நேரம் பெட்டியும் ஆணியும்.

*

அடுத்த சனிக்கிழமை மதுசூதனன் ஷார்ஜாவில் தன் ரூமிலிருந்து புதிய சட்டை போட்டுக் கிளம்பினான். ரூமில் கூட இருக்கும் மணிகண்டன் கட்டிலில் படுத்தபடியே கேட்டான்.

“டூல் பாக்ஸ் எடுக்கலையா மச்சான்?”

“பொண்ணு கேட்டுப் போறேன்டா. டூல் பாக்ஸ் எதுக்கு?”

“போன வாரம் ஏணில ஏறுனவன் நீதான? எதுக்கும் ஒரு டெஸ்டராச்சும் பாக்கெட்ல வச்சுக்க.”

மதுசூதனன் முறைத்தான். ஆனால் டெஸ்டரை எடுத்துக்கொண்டான்.

இந்த முறை படம் ஓடும்போது ஏசி சொட்டவில்லை. அரியரத்தினம் பெட்டிக் காட்சியில் போன வாரத்தைவிட அதிகமாகச் சிரித்தார். கருவிகள் ஜன்னல் வழியாகப் பறந்தபோது, “அப்பிடித்தான் செய்யோணும்,” என்று திரையோடு பேசினார். மதுசூதனன் பொறுத்துக்கொண்டான். மாடிப்படி வந்தது. அமெரிக்க அப்பா காலைத் தூக்கினார்.

வீடு முழுவதும் இருண்டது.

“இது இடைக்கிடை போறதுதான்,” என்றார் அரியரத்தினம் இருட்டில், மிக அமைதியாக. “தம்பி, உங்களுக்கு இதுவும் விளங்குமோ?”

விளங்கும். அதுதான் அவன் பலவீனம். ஒரு பழுது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அவனால் உட்கார முடியாது. கதவருகே உள்ள பெட்டியில் ஒரு பிரேக்கர் கீழே இறங்கிக் கிடந்தது. வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களையும் திரும்பி வருகிறவர்களையும் எண்ணும் காவலாளி மாதிரியானது அது. போன கரன்ட் அவ்வளவும் திரும்பி வந்தால் பேசாமல் இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கேயோ கசிகிறதென்று கதவை மூடிவிடும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்ததில், கசிவது ஃபிரிஜ் என்று தெரிந்தது. உள்ளே பனியை உருக்கும் ஹீட்டர் அவ்வப்போது தானாக ஓடும். அதில் ஈரம் ஏறியிருந்தது.

“ஃபிரிஜைக் கழட்டி வச்சிட்டா போதுங்க அங்கிள். படம் பாக்கலாம். பார்ட்ஸை நான் வாங்கிட்டு வந்து மாட்டிர்றேன்.”

வீட்டில் வெளிச்சம் வந்தது. டிவியும் வந்தது. பத்மாவதி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“கழட்டி வச்சா, உள்ளுக்குக் கிடக்கிற மீன் என்ன தம்பி ஆகும்?”

ஃபிரீசர் நிறைய விளைமீனும் இறாலும் நண்டும் இருந்தன. வெளியே துபாயின் ஆகஸ்ட் மாதம் இருந்தது. பத்மாவதி ஒரு முடிவுக்கு வந்து, பெரிய பானையை எடுத்து அடுப்பில் வைத்தார். மீன் அவ்வளவும் அன்றைக்கே குழம்பாகவும் பொரியலாகவும் ஆக வேண்டியதாயிற்று. ஆக்கியதைத் தின்ன ஆள் வேண்டுமே என்று பக்கத்து வீட்டு ஹஃபீஸாவின் குடும்பம் அழைக்கப்பட்டது. பாய் விரித்ததில் டிவி மறைந்துபோயிற்று.

“இவங்க யாரு?” என்று ஹஃபீஸா நண்டை உடைத்துக்கொண்டே மதுசூதனனைக் காட்டிக் கேட்டார்.

கோசலா அப்பாவைப் பார்த்தாள். பத்மாவதி குழம்பைப் பார்த்தார்.

“லிஃப்ட் டெக்னீசியன்,” என்றார் அரியரத்தினம். “நல்ல கைவேலை.”

“அப்படியா? எங்க வீட்டு ஓவன் சூடாக மாட்டேங்குது. சாப்பிட்டுட்டு ஒரு எட்டு வந்து பாருங்க தம்பி.”

லிஃப்ட் வரைக்கும் வழியனுப்ப வந்த கோசலாவின் முகம் சிவந்திருந்தது.

“மது, நீங்கள் இஞ்ச பொம்பிளை கேட்டு வாறியளோ, மெயின்டெனன்ஸுக்கு வாறியளோ?”

“நான் என்ன பண்ண? கரன்ட் போயிருச்சு.”

“போனாப் போகட்டும். இருட்டுக்குள்ள கையைக் கட்டிக்கொண்டு இருக்கோணும். அங்கை ரொறொன்ரோ பொடியன் ஏதும் திருத்துறானோ? போட்டோவில கோட் போட்டுக்கொண்டு சும்மா நிக்கிறான். அப்பாவுக்கு அவன் மாப்பிள்ளையாத் தெரியிறான். நீங்கள் டெஸ்டரோட நிக்கிறியள்.”

மதுசூதனன் இரண்டு தளம் இறங்கும் வரை யோசித்தான். வாசலை அடைவதற்குள் முடிவெடுத்துவிட்டான். லிஃப்ட் வேலையில் ஒரு முறை உண்டு. பழுதான பிறகு ஓடுவது ஒன்று. பழுதாகும் முன்பே போய் எல்லாவற்றையும் பார்த்துவைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மையான தொழில். வீட்டில் பழுதாவதற்கு எதுவுமே மிச்சம் இல்லையென்றால், படம் எப்படி நிற்கும்?

*

வெள்ளிக்கிழமை மாலை அவன் டூல் பாக்ஸோடேயே வந்து இறங்கினான். ஃபிரிஜுக்கான ஹீட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அதை மாட்டினான். பிறகு அனுமதி கேட்டான்.

“அங்கிள், நாளைக்குப் படம் பாக்கிறப்ப தொந்தரவு இருக்கக் கூடாது. வீடு முழுக்க ஒருக்கா பார்த்துரட்டுங்களா?”

அரியரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“பாருங்கோ. நான் டோர்ச் பிடிக்கிறன்.”

பிடித்தார். மதுசூதனன் போன இடமெல்லாம் வெளிச்சம் கூடவே போயிற்று. குளியலறையில் ஃபிளஷ் தொட்டி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மிதவையின் கையைச் சற்று வளைத்தவுடன் நின்றது. “அட, இவ்வளவுதானோ,” என்றார் அரியரத்தினம். வெந்நீர் ஹீட்டர் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொடுத்தது. அதன் தெர்மோஸ்டாட் எப்படி வெப்பத்தை அளக்கிறதென்று மதுசூதனன் விளக்கினான், அவர் தலையை ஆட்டிக் கேட்டார். அழுத்தினால் அலறிக்கொண்டே இருக்கும் காலிங் பெல், மூடாத அலமாரிக் கதவு, சமையலறைக் குழாயின் வாஷர். ஒன்றை முடித்தால் டோர்ச் தானாகவே அடுத்ததின் மேல் விழுந்தது.

வேலை செய்யச் செய்ய மதுசூதனனுக்கு மனம் லேசாயிற்று. நாளைக்குத் தடுக்க எதுவும் இல்லை.

“வோஷிங் மெஷின், அங்கிள்?”

“அது இப்ப தோய்ச்சுக்கொண்டிருக்கு. பிறகு பாப்பம்.”

இரவு கோசலா போனில் வந்தாள்.

“அப்பா டோர்ச் பிடிச்சவரோ? அவர் எனக்கு ஹோம்வேர்க்குக்குக்கூட லைட் பிடிச்சதில்லை.”

“நல்ல அறிகுறி கோசி.”

“என்ன நல்ல அறிகுறி? ரொறொன்ரோ ஆக்களைப் பற்றிக் கேட்டன். ‘அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்’ எண்டுபோட்டுப் போய்ப் படுத்திட்டார். நாளைக்கு என்ன நடந்தாலும் சோபாவை விட்டு எழும்பக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ.”

அவன் சத்தியம் பண்ணினான்.

*

மூன்றாவது சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஏசி சொட்டவில்லை. பிரேக்கர் விழவில்லை. ஃபிளஷ் தொட்டி மூச்சுவிடவில்லை. மதுசூதனன் டெஸ்டர்கூட இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். படம் தொடங்கும்போது பத்மாவதி படுக்கை விரிப்புகளை வோஷிங் மெஷினில் போட்டுவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தார்.

பெட்டிக்கு ஆணியடித்தாயிற்று. அரியரத்தினம் சிரித்தாயிற்று. மாடிப்படி வந்தது. அமெரிக்க அப்பா காலைத் தூக்கி, இந்த முறை உண்மையிலேயே கீழ்ப்படியில் வைத்தார். இசை எழுந்தது. அவர் பாடத் தொடங்கினார்.

சமையலறையிலிருந்தும் தாளம் எழுந்தது.

வோஷிங் மெஷின் கடைசியில் துணியைப் பிழியும்போதுதான் மிக வேகமாகச் சுற்றும். அப்போது துணி டிரம்முக்குள் சமமாகப் பரவியிருக்க வேண்டும். கனமான விரிப்பு ஒன்று பந்தாகச் சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால், டிரம் அந்தப் பக்கமாக இழுத்து அடிக்கும். அந்த அடியை வாங்கிக்கொள்ள உள்ளே தாங்கிகள் உண்டு. அவை தேய்ந்திருந்தால் அடியை மெஷினே வாங்கும். வாங்கினால் நடக்கத் தொடங்கும்.

அது நடந்துவந்தது. அமெரிக்க அப்பா ஒரு படி இறங்கினால், அது ஒரு சாண் முன்னால் வந்தது. அவர் இடப்பக்கம் ஆடினால் இது வலப்பக்கம் ஆடியது. சமையலறை வாசலில் தன் வெள்ளை முகத்தை நீட்டி, குழாய் இழுத்துப் பிடித்ததால் மேலே வர முடியாமல், அங்கேயே நின்று குதித்தது.

மதுசூதனனின் இரண்டு முழங்கால்களும் தாமாகவே எழப் பார்த்தன. அவன் அவற்றைக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“தம்பி,” என்றார் அரியரத்தினம். “மெஷின்.”

“தெரியுதுங்க அங்கிள்.”

“வாசலுக்கு வந்திட்டுது.”

“வரட்டுங்க. இன்னைக்கு நான் எந்திரிக்க மாட்டேன். நீங்களும் எந்திரிக்கக் கூடாது. படம் முடியட்டும்.”

அந்த வீட்டில் அவரிடம் ‘கூடாது’ என்று சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. கோசலா ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். மெஷின் ஒரு பெருமூச்சோடு நின்றது.

“உடுப்பு ஈரத்தோட கிடந்தா புளிச்ச மணம் மணக்குமெல்லே,” என்று அரியரத்தினம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“மணக்கட்டுங்க.”

அரியரத்தினம் அவனை ஒரு முறை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அமெரிக்க அப்பா படியெல்லாம் ஆடி இறங்கினார், பியானோவின் மேல் ஏறினார், குதித்தார், மகளின் கையைப் பிடித்தார். தொழிலாளியின் கையைப் பிடித்தார். இரண்டையும் சேர்த்து வைத்தார். கடையிலிருந்த பியானோக்கள் எல்லாம் ஒன்றாக முழங்கின. படம் முடிந்தது.

கோசலா லைட்டைப் போட்டாள். மூன்று பேரும் அரியரத்தினத்தின் முகத்தையே பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நல்ல படம்தான்,” என்றார். “ஆனா அந்த மனுசன் முடிவிலதான் அவசரப்பட்டிட்டார். இன்னும் ஒரு கிழமை பொறுத்திருக்கலாம்.”

எழுந்தார். வாசலில் நின்ற வோஷிங் மெஷினை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோசலா பால்கனிக்குப் போய்விட்டாள். அவள் தோள்கள் அசைவது கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது. மதுசூதனன் காலில் சப்பாத்தை மாட்டக் குனிந்தான். மூன்று சனிக்கிழமை, ஒரு ஏணி, ஒரு பானை மீன், எல்லாம் போயிற்று. கடைசியில் மரியாதையும் போயிற்று. பெரிய மனிதரைப் பார்த்து ‘எந்திரிக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டான். ரொறொன்ரோக்காரன் கோட் போட்டுக்கொண்டு சும்மா நின்றே ஜெயித்துவிட்டான்.

“போய்ட்டு வர்றேன் ஆன்ட்டி. அங்கிள்கிட்ட மன்னிச்சுக்கச் சொல்லுங்க.”

பத்மாவதி சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவன் பக்கத்தில் வந்து, டூல் பாக்ஸ் எங்கே என்று தரையில் தேடினார். கொண்டுவரவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாந்தவர் போல நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ரொறொன்ரோவுக்கு அவர் முதல் கிழமையே, ‘எங்கட பிள்ளைக்கு இஞ்சயே இடம் சரிவந்திட்டுது’ எண்டு சொல்லிப்போட்டார் தம்பி, நாளைக்கு வந்து அந்த வோஷிங் மெஷினையும் ஒருக்காத் திருத்தி விட்டிடுங்கோ, மாப்பிள்ளை எண்டு வாய் திறந்து சொன்னாப் பிறகு உங்களை ஏணியில ஏத்தேலாது எண்டுதான் மனுசன் இழுத்துக்கொண்டிருக்கிறார்.”